பெயரை அடித்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவாரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனைப் பதிவுகளை ஆய்வுக்குத் தருகிறார்கள், பயண அட்டை விவரங்களை ஒரு நிறுவனத்துக்குத் தருகிறார்கள், மாணவர்களின் மதிப்பெண்களை வைத்து ஏஐ மாடல் ஒன்றைப் பழக்குகிறார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம், கடைசிப் பத்தியில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது. "பெயர், முகவரி, செல்போன் எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத்தான் தருகிறோம், யாரும் பயப்பட வேண்டியதில்லை" என்பதே அது. இப்படிச் சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலும் நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த நம்பிக்கை தவறு என்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப நிரூபித்து வருகிறார்கள். அந்த ஆய்வுகள் தமிழ் நாளிதழ்களுக்கு வந்து சேரவில்லை. கடிதம் நீண்டுவிட்டதற்கு அதுதான் காரணம். பொறுத்தருள வேண்டும்.

தொடக்கம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். 1990-களில் அந்த மாநில அரசு தன் ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளை ஆய்வாளர்களுக்குத் தந்தது. பெயரும் முகவரியும் எடுக்கப்பட்டிருந்தன. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் அப்படியே இருந்தன. அப்போது எம்.ஐ.டி.யில் மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி, அதே மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். அதில் 54,805 பேர். மாநில ஆளுநர் வில்லியம் வெல்ட் அந்த ஊர்க்காரர். அவருடைய பிறந்த தேதியில் பிறந்தவர்கள் பட்டியலில் ஆறு பேர், அவர்களில் ஆண்கள் மூவர். அந்த மூவரில் அவருடைய அஞ்சல் குறியீட்டில் குடியிருந்தவர் அவர் ஒருவர்தான். ஆளுநரின் நோயும் மருந்தும் ஸ்வீனியின் மேசைக்கு வந்துவிட்டன. அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரை இந்த மூன்று விவரங்களை வைத்தே தனியாகப் பிரித்துவிடலாம் என்று ஸ்வீனி கணக்கிட்டார். 2006-இல் பிலிப் கோல் வேறு கணக்கெடுப்புத் தரவை வைத்துப் பார்த்தபோது 63 விழுக்காடு வந்தது. குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் பாதி நாட்டுக்கு மேல்.

அது அமெரிக்கா, நம் ஊரில் அப்படி முடியாது என்று சிலர் சொல்லக்கூடும். ஓரளவு உண்மைதான். ஒரு பின்கோடுக்குள் இங்கே ஆள் அதிகம். வயதானவர்கள் பலருக்குப் பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்த தேதி, ஒரே தேதியில் பத்துப் பேர் இருப்பார்கள். ஆனால் நம்மிடம் வேறு பட்டியல்கள் இருக்கின்றன. பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம் எல்லாம் கொண்ட வாக்காளர் பட்டியல் இணையத்திலேயே கிடைக்கிறது. அதற்கு 20 டாலர் கொடுக்க வேண்டியதில்லை.

உங்கள் நாளிதழிலிருந்தே ஓர் உதாரணம் காட்டலாம். கொரோனா காலத்தில் தமிழ்நாட்டு சுகாதாரத் துறை அன்றாடம் ஓர் அறிக்கை வெளியிட்டது. இறந்தவர் ஒவ்வொருவரின் வயது, பாலினம், மாவட்டம், ஏற்கெனவே இருந்த நோய்கள், மருத்துவமனையில் சேர்ந்த தேதி, இறந்த தேதி எல்லாம் அதில் இருந்தன. பெயர் மட்டும் இல்லை. எண்ணிக்கையை மறைக்காமல் சொன்னதற்காக அந்த அறிக்கையை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் அதே வாரத்தில் உங்கள் பத்திரிகையின் கண்ணீர் அஞ்சலிப் பகுதியில் என்ன இருந்தது? பெயர், படம், வயது, ஊர், இறந்த தேதி. ஒரு மாவட்டத்தில் ஒரே நாளில் இறந்த 62 வயது ஆண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், இன்னாருக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தது, இன்னாருக்குப் புற்றுநோய் இருந்தது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அந்த வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளைகள் இருந்தால் அதன் விலை என்ன என்பதை உங்கள் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த இணைப்புக்குக் கம்ப்யூட்டர் அறிவே தேவையில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊரில் ஒரு செய்தித்தாள் வாசகர் போதும்.

இதற்கு முதலில் வந்த மருந்து, ஒரே மாதிரி விவரம் கொண்டவர்கள் குறைந்தது ஐந்து பேராவது அல்லது பத்துப் பேராவது இருக்கும்படி வயதை அகலப்படுத்துவது, பின்கோடின் கடைசி இலக்கங்களை வெட்டுவது. 62 என்பது 60–69 ஆகும். இதை ஸ்வீனியும் பியராஞ்சலா சமராட்டியும் 1998-இல் முன்வைத்தார்கள். நல்ல முதற்படி, இன்றும் செய்யத்தக்கது. ஓட்டை எங்கே என்றால், அந்தப் பத்துப் பேருக்கும் ஒரே நோய் இருந்துவிட்டால் யார் எந்த வரி என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை, பத்துப் பேரின் நோயும் தெரிந்துவிடும். அதோடு, ஒரே ஆள் இரண்டு மருத்துவமனைகளின் பட்டியலில் இருந்தால், இரண்டும் தனித்தனியே பத்துப் பேர் விதியைக் காப்பாற்றியிருந்தாலும், இரண்டுக்கும் பொதுவாக நிற்கும் நோய் ஒன்றே ஒன்றாக இருக்கலாம்.

அடுத்து அடிக்கடி கேட்கும் சமாதானம்: "எண்களை ஹேஷ் செய்துவிட்டோம்." ஹேஷ் என்றால் ஓர் எண்ணை உள்ளே போட்டால் புரியாத எழுத்துக் கோவையாக வெளியே வரும் கணக்கு. திரும்பிப் போக வழியில்லை என்பது அதன் பெருமை. ஆனால் திரும்பிப் போகவே வேண்டாம். இந்திய செல்போன் எண் பத்து இலக்கம், 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி எண்கள்தான் சாத்தியம். விளையாட்டுக்கு வாங்கும் கிராபிக்ஸ் கார்டு ஒன்று 400 கோடி எண்ணையும் ஹேஷ் செய்து பட்டியல் போட ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளாது. பிறகு எந்தக் கோவை எந்த எண் என்று அகராதி பார்ப்பதுபோலப் பார்த்துக்கொள்ளலாம். ஆதார் எண்ணும் இதே கதிதான். 12 இலக்கத்தில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு உரியது, முதல் இலக்கம் 0, 1 ஆக இருக்காது. மிச்சம் 8,000 கோடி. மனிதக் கண்ணுக்குப் பெரிய எண், இயந்திரத்துக்குச் சில நிமிட வேலை.

இது உண்மையிலேயே நடந்தது. நியூயார்க் நகரத்தில் 2013-ஆம் ஆண்டின் டாக்சிப் பயணங்கள், சுமார் 17 கோடியே 30 லட்சம், தகவல் கேட்பு மூலம் 2014-இல் வெளிவந்தன. வண்டி எண்ணும் ஓட்டுநர் உரிம எண்ணும் எம்.டி.5 முறையில் ஹேஷ் செய்யப்பட்டிருந்தன. இரண்டிலும் சேர்த்து இரண்டரைக் கோடிக்கும் குறைவான எண்களே சாத்தியம் என்பதால் ஒரு மென்பொருள் பொறியாளர் சில மணி நேரத்துக்குள் அத்தனையையும் அவிழ்த்துவிட்டார். ஓட்டுநர் ஒவ்வொருவரின் ஆண்டு வருமானத்தையும் அதன் பின் யாரும் கூட்டிப் பார்த்துவிடலாம். நடிகர்கள் டாக்சியில் ஏறும் புகைப்படத்தில் வண்டி எண் தெரிந்ததால் அவர்கள் எங்கே இறங்கினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்றும் கண்டுபிடித்தார்கள்.

ஹேஷுக்குப் பதில் என்ன செய்வது? ஒவ்வோர் ஆளுக்கும் சம்பந்தமில்லாத ஒரு சீட்டு எண்ணைக் குலுக்கிப் போட்டு, எது யாருக்கு என்ற பட்டியலைப் பூட்டி வைக்க வேண்டும், அல்லது அழித்துவிட வேண்டும். ஹேஷ்தான் வேண்டுமென்றால் வெளியே போகாத இரகசியச் சாவி ஒன்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும். இது அரை நாள் வேலை. அரை நாள் வேலையைச் செய்யாமல் விட்டதற்கு ஒரு நகரத்தின் ஓட்டுநர்கள் எல்லாரும் விலை கொடுத்தார்கள்.

ஆனால் அதைச் செய்தாலும் போதாது. இந்த இடம்தான் பலருக்குப் பிடிபடுவதில்லை. எண்ணை எவ்வளவு நன்றாக மாற்றினாலும் ஆளின் நடமாட்டம் மாறவில்லை. 15 லட்சம் பேரின் 15 மாத செல்போன் இருப்பிடப் பதிவுகளை இவ் அலெக்சாண்டர் டி மோன்ஜோயியும் உடன் ஆய்வாளர்களும் எடுத்துப் பார்த்தார்கள். எந்த மணிக்கு எந்த டவருக்குக் கீழே இருந்தார் என்ற நான்கே நான்கு புள்ளிகள் தெரிந்தால், 95 விழுக்காட்டினரைத் தனியாகப் பிரித்துவிட முடிந்தது. 2013-இல் வெளிவந்த ஆய்வு அது. நம் வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள். காலை எட்டரைக்கு வீட்டருகே, ஒன்பதரைக்கு அலுவலகம், செவ்வாய்க்கிழமை மாலை ஒரு கோயில், மாதத்தில் ஒருநாள் சொந்த ஊர். இந்த நான்கும் ஒன்றாக அமைந்த இன்னொருவரைக் காட்டுங்கள் பார்க்கலாம். நடமாட்டமே பெயர் ஆகிவிடுகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, பெயரை மட்டும் அடித்துவிட்டு மற்றதைக் கொடுப்பது அந்த வகை.

சரி, தனிநபர் வரிகளே வேண்டாம், கூட்டுத்தொகை மட்டும் தருகிறோம் என்றால்? அதிலும் கசிவு உண்டு. ஒரு துணை சுகாதார நிலையம் போன வாரம் காசநோய் சிகிச்சையில் 14 பேர் என்றும் இந்த வாரம் 15 பேர் என்றும் அறிக்கை தருகிறது. இந்த வாரம் அந்த ஊருக்குக் குடிவந்தது ஒரே குடும்பம், அதில் வயது வந்தவர் ஒருவர். கழித்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது போதும். பெரிய அளவில் இதைச் செய்து காட்டியது அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகமே. 2010 கணக்கெடுப்பில் தான் வெளியிட்ட அட்டவணைகளை மட்டும் சமன்பாடுகளாக எழுதித் தீர்த்தபோது, 30 கோடியே 87 லட்சம் பேரில் 46 விழுக்காட்டினரின் வசிப்பிடத் தொகுதி, பாலினம், வயது, இனம் எல்லாம் பிசகாமல் வந்தன. சந்தையில் விற்கும் பெயர்ப் பட்டியல்களோடு அதைப் பொருத்தியதில் ஏறத்தாழ 5 கோடியே 20 லட்சம் பேர் சரியாக அடையாளம் தெரிந்தார்கள். போதுமான அளவு கேள்விகளுக்குப் போதுமான துல்லியத்தோடு விடை சொன்னால் மூலப் பதிவையே திரும்பக் கட்டிவிடலாம் என்று இரித் டினூரும் கோபி நிஸ்ஸிமும் 2003-இல் கணிதமாக நிறுவியிருந்தார்கள். அலுவலகம் தன் சொந்தத் தரவிலேயே அதைக் கண்ணால் பார்த்தது.

இங்கிருந்துதான் இந்தத் துறையின் மிகப் பெரிய கருத்து பிறக்கிறது. சிந்தியா டுவொர்க், ஃபிராங்க் மெக்ஷெரி, கோபி நிஸ்ஸிம், ஆடம் ஸ்மித் நால்வரும் 2006-இல் எழுதிய கட்டுரைக்கு 2017-இல் கணினிக் கோட்பாட்டுத் துறையின் கோடெல் பரிசு கிடைத்தது. டிஃபரன்ஷியல் பிரைவசி என்பது அந்தக் கருத்தின் பெயர். தமிழில் நான் அதை இப்படிச் சொல்வேன்: ஒரு கணக்கெடுப்பில் நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளிவரும் முடிவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். அப்படியானால் நான் அதில் இருந்த காரணத்தால் மட்டும் என்னைப் பற்றி எவரும் புதிதாகப் பெரிதாக ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

ஒரு காசை வைத்துக் காட்டிவிடலாம். ஸ்டான்லி வார்னர் என்பவர் 1965-இலேயே முன்வைத்த யோசனையிலிருந்து வந்தது இது. சொல்லக் கூச்சமான ஒரு கேள்வியை ஆயிரம் பேரிடம் கேட்கிறோம். ஒவ்வொருவரும் தனியாகக் காசைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். பூ விழுந்தால் மறுபடி சுண்டி, தலை என்றால் "ஆம்", பூ என்றால் "இல்லை" என்று சொல்ல வேண்டும். நானூறு பேர் "ஆம்" என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் காசால் "ஆம்" சொன்னவர்கள் சுமார் 250 பேர். மிச்சம் 150. அவர்கள் உண்மை சொன்ன 500 பேரில் அடங்குபவர்கள். ஆக 30 விழுக்காடு, ஆயிரத்தில் 300. மொத்தக் கணக்கு கிடைத்துவிட்டது. ஆனால் எந்தத் தனி ஆளைச் சுட்டியும் "நீ ஆம் என்றாயே" என்று கேட்க முடியாது, "காசு சொல்லச் சொன்னது" என்பார். இதற்கு விலை உண்டு. ஆயிரம் பேரிடம் கேட்டால் 300 என்பதில் அறுபது கூடலாம், அறுபது குறையலாம். ஒரு லட்சம் பேரிடம் கேட்டால் அந்தத் தடுமாற்றம் 6 விழுக்காட்டிலிருந்து 0.6 ஆகச் சுருங்கிவிடும். கூட்டம் பெரிதாகப் பெரிதாக உண்மை தெளியும், தனி ஆள் மறைவான். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதைப் பார்க்கும்போது இத்தனை ஆண்டுகள் கழித்தும் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

அரசு அட்டவணைகளுக்குக் காசு தேவையில்லை. கூட்டுத்தொகையைக் கணக்கிட்டபின் சிறு இரைச்சல் ஒன்றைச் சேர்க்கிறார்கள், அதாவது குலுக்கலில் வரும் ஒரு சிறு எண்ணைக் கூட்டுகிறார்கள் அல்லது கழிக்கிறார்கள். எவ்வளவு இரைச்சல் என்பதை எப்சிலான் என்ற எண் தீர்மானிக்கிறது. எப்சிலான் சிறிதானால் பாதுகாப்பு அதிகம், இரைச்சலும் அதிகம். ஒரு தலைக்கணக்குக்கு எப்சிலான் 0.5 என்று வைத்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை பிசகு ஆறுக்குள்தான் இருக்கும். மாவட்டத்தில் 4,320 நோயாளிகள் என்பது 4,316 ஆனால் யாருக்கும் நட்டமில்லை. ஒரு குக்கிராமத்தில் 3 என்பது 7 ஆகலாம். அது குறை அல்ல, அந்த மூவரைக் காப்பாற்றத்தான் அது செய்யப்படுகிறது.

இதைச் செய்யும்போது தவறுகிற இடங்கள் சில உண்டு. அதே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் புது இரைச்சலோடு விடை கொடுத்தால் நூறு விடைகளின் சராசரி உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ஒரு தரவுக்கு மொத்தம் இவ்வளவு எப்சிலான் என்று வீட்டு பட்ஜெட் மாதிரி முன்கூட்டியே ஒதுக்கி, செலவழிந்ததும் கதவைச் சாத்த வேண்டும். இரைச்சல் சேர்த்ததில் எண் கழித்தல் குறிக்குப் போனால் பலர் அதைப் பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். நோயாளியே இல்லாத ஆயிரம் கிராமங்களில் இப்படிச் செய்து கூட்டினால், மேலே சொன்ன 0.5 அளவில், இல்லாத ஆயிரம் நோயாளிகள் மாவட்டக் கணக்கில் முளைத்துவிடுவார்கள். கழித்தல் எண்களை மூலக் கோப்பில் அப்படியே வைத்திருந்து, மாவட்டத் தொகையைத் தனியே கணக்கிட வேண்டும்.

எப்சிலான் எவ்வளவு என்று சொல்லாமல் "டிஃபரன்ஷியல் பிரைவசி பயன்படுத்துகிறோம்" என்று மட்டும் சொல்வது எடை சொல்லாமல் நகை விற்பது போன்றது. 2020 கணக்கெடுப்பில் தொகுதி மறுவரையறைத் தரவுக்கு அமெரிக்க அலுவலகம் வைத்த எப்சிலான் 19.61. ஆய்வாளர்கள் வழக்கமாக விரும்பும் அளவைவிட மிகப் பெரியது, கடும் விவாதத்துக்கு உள்ளானது. ஆனால் எண்ணை வெளியே சொன்னார்கள், நிரலையும் வெளியிட்டார்கள். அதனால்தான் விவாதமே நடக்க முடிந்தது.

இப்போது ஏஐ மாடல்கள். "மாடலைத்தான் வெளியிடுகிறோம், தரவை அல்ல" என்பது இன்று அதிகம் கேட்கும் வாதம். மாடல் பாடத்தைப் புரிந்துகொள்கிறது, மனப்பாடம் செய்வதில்லை என்ற எண்ணம் இதற்கு அடிப்படை. பரீட்சைக்கு முந்தைய இரவு படிக்கும் மாணவனைப் போல மாடல் இரண்டையும் செய்கிறது. ரெசா ஷோக்ரியும் மூவரும் 2017-இல் ஒரு சோதனை முறையைத் தந்தார்கள். ஒரு பதிவை மாடலிடம் கொடுத்து, அது எவ்வளவு உறுதியோடு விடை சொல்கிறது என்று பார்ப்பது. பழகிய பதிவென்றால் உறுதி கூடும். அந்த வித்தியாசத்தை வைத்தே "இவர் பயிற்சித் தரவில் இருந்தார்" என்று ஊகித்துவிடலாம். ஒரு குறிப்பிட்ட நோய்க்கான சிகிச்சை மையத்தின் தரவில் பழகிய மாடல் என்றால், அதில் ஒருவர் இருந்தார் என்பதே அவருடைய நோயைச் சொல்லிவிடும்.

இந்தச் சோதனையை நிறுவனங்கள் தாங்களே செய்துவிட்டு "சராசரியாக 51 விழுக்காடுதான் சரியாக ஊகிக்க முடிந்தது, காசு சுண்டுவதற்குச் சமம்" என்று அறிக்கை தந்தால் ஏமாந்துவிடக் கூடாது. பெரும்பாலோருக்கு வெறும் குருட்டு ஊகமாக இருந்து, நூறில் இரண்டு பேருக்கு மட்டும் அடித்துச் சொல்ல முடிந்தாலும் சராசரி இப்படித்தான் வரும். அந்த இரண்டு பேர் பொதுவாக மற்றவர்களிடமிருந்து வேறுபட்டவர்கள், அரிய நோய்க்காரர்கள், சிறுபான்மையினர். தவறாகக் கைகாட்டும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்குள் இருக்கும்படி வைத்துக்கொண்டு எத்தனை பேரைப் பிடிக்க முடிகிறது என்றுதான் கேட்க வேண்டும்.

எழுத்துகளைப் படித்துப் பழகித் தாமே எழுதும் மொழி மாடல்கள் இன்னும் நேரடியாகக் கக்கிவிடுகின்றன. நிக்கோலஸ் கார்லினியும் உடன் ஆய்வாளர்களும் 2021-இல் ஜிபிடி-2 என்ற மொழி மாடலை எழுதவிட்டு, சந்தேகத்துக்குரிய 1,800 பகுதிகளைப் பொறுக்கிச் சரிபார்த்தார்கள். 604 பகுதிகள் பயிற்சித் தரவிலிருந்து எழுத்து மாறாமல் வந்தவை, சிலவற்றில் ஆட்களின் பெயரும் தொடர்பு விவரமும் இருந்தன. திரும்பத் திரும்ப வரும் பகுதிகள்தான் அதிகம் ஒட்டிக்கொள்கின்றன. பயிற்சித் தரவில் பத்து முறை வரும் வரி ஒருமுறை வரும் வரியைவிடச் சராசரியாக ஆயிரம் மடங்கு அதிகமாக வெளியே வருகிறது என்று 2022-இல் இன்னொரு குழு அளந்தது. ஆகவே முதல் வேலை, செலவில்லாத வேலை, இரட்டைப் பதிவுகளை நீக்குவது. ஒரே நோயாளியின் டிஸ்சார்ஜ் சுருக்கம் நம் மருத்துவமனைக் கணினிகளில் எத்தனை பிரதிகளாகக் கிடக்கிறது என்பது உள்ளே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது வேலை பொய்ப் பதிவு வைப்பது. பழக்கத் தொடங்கும் முன்பே, யாருக்கும் உரியதல்லாத, குலுக்கிப் போட்ட இலக்கங்கள் கொண்ட சில பதிவுகளைத் தரவில் ஒளித்துவைக்க வேண்டும். சிலவற்றை ஒருமுறை, சிலவற்றை நான்கு முறை, சிலவற்றைப் பதினாறு முறை. மாடல் தயாரானதும், சேர்த்த இலக்கத்துக்கும் சேர்க்காத இலக்கங்களுக்கும் அது காட்டும் வரவேற்பை, அதாவது எதை எழுத அதிகம் முனைகிறது என்பதை, ஒப்பிட வேண்டும். சேர்த்தது வரிசையில் முன்னால் வந்து நின்றால் மாடல் மனப்பாடம் செய்திருக்கிறது என்று அர்த்தம். பொய்ப் பதிவு ஒட்டியது என்றால் மெய்ப் பதிவும் ஒட்டியிருக்கும்.

மூன்றாவது, பயிற்சியிலேயே எப்சிலானைக் கொண்டுவருவது. மார்ட்டின் அபாடியும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் வகுத்த முறை இது. 256 பதிவுகள் கொண்ட ஒரு தொகுப்பை எடுத்தால், ஒவ்வொரு பதிவும் மாடலைத் தன் பக்கம் மாற்ற இழுக்கும் இழுப்பைத் தனித்தனியாக ஓர் எல்லைக்குள் வெட்டி, பிறகு கூட்டி, இரைச்சல் சேர்த்து, சராசரி எடுக்க வேண்டும். அவசரத்தில் பலர் செய்யும் பிழை, முதலில் சராசரி எடுத்துவிட்டு அதை வெட்டுவது. கணினி வேகமாக ஓடும், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். ஆனால் ஒரு தனிப் பதிவின் இழுப்புக்குத் தடையே இல்லாமல் போய், இரைச்சல் தேவையானதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு குறைந்துவிடும். எப்சிலான் 0.21 என்று அறிவித்த ஓர் ஆய்வின் நிரலை 2022-இல் வெளியார் சோதித்து, அந்த எண் உண்மையல்ல என்று காட்டினார்கள். தேர்ந்தவர்களுக்கே நடக்கும் பிழை. வெளித் தணிக்கை இல்லாத எப்சிலானை நான் நம்புவதில்லை.

துல்லியம் எவ்வளவு குறையும்? கையெழுத்து இலக்கங்களை அடையாளம் காணும் எளிய வேலையில், அபாடி குழுவின் கணக்குப்படி எப்சிலான் 8-இல் 97 விழுக்காடு, 2-இல் 95, 0.5-இல் 90. கடினமான வேலைகளில் இன்னும் கூடுதலாகக் குறையும். அந்த நட்டமும் எல்லார் தலையிலும் சமமாக விழுவதில்லை. தரவில் குறைவாக இருக்கும் பிரிவினருக்கே துல்லியம் அதிகம் சரிகிறது என்று 2019-இல் யூஜின் பக்டசார்யனும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். ஒரு மலைக்கிராமத்து மக்களுக்கும் சேர்த்துச் செய்யப்படும் மருத்துவ மாடலில் மொத்தத் துல்லியம் 93 என்று மட்டும் போட்டால் போதாது, அவர்களுக்கு எவ்வளவு என்று தனியே போட வேண்டும்.

சட்டம் பற்றிச் சில வார்த்தைகள். 2023-ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஓர் ஆளை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தரவும் தனிநபர் தரவே என்கிறது. பெயர் இருந்தால் மட்டும் என்று சொல்லவில்லை. இதை வைத்துப் பார்த்தால் பெயர் அடித்த பட்டியல்கள் பலவும் சட்டத்தின் வரம்புக்குள்தான் வரும். 2019 மசோதாவில், அடையாளம் நீக்கிய தரவை அனுமதியின்றி மீண்டும் அடையாளம் காண்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 2023 சட்டத்தில் அது இல்லை. நல்லதே என்பேன். ஓட்டையைக் கண்டு சொல்லும் ஆய்வாளரைச் சிறையில் போட்டால் ஓட்டையை விற்கிறவன் மட்டும்தான் மிஞ்சுவான்.

அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்று சொல்லி மறுப்பதை எளிதாக்குகிறது. இது எனக்குப் பெரிய கவலை. தனியுரிமையைக் காரணம் காட்டி எண்ணிக்கையை மறைக்க எவருக்கும் உரிமை இருக்கக் கூடாது. மேலே எழுதிய முறைகள் எல்லாம் வெளியிடுவதற்கான முறைகள், பூட்டி வைப்பதற்கானவை அல்ல. "தனிநபர் விவரம், தர இயலாது" என்று ஓர் அலுவலகம் சொன்னால், "வயதைப் பத்தாண்டு வகையாக்கி, பத்துக்குக் குறைந்த எண்களைச் சேர்த்து, இரைச்சலோடு தாருங்கள்" என்று திருப்பிக் கேட்க உங்கள் நிருபர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"பெயரை நீக்கிவிட்டோம்" என்று சொல்கிறவரிடமும் நிருபர் விடாமல் கேட்க வேண்டும். நீக்காமல் விட்டவை எவை? அவற்றை வேறு எந்தப் பொதுப் பட்டியலோடு சேர்த்துப் பார்த்துச் சோதித்தீர்கள்? எண்களை எப்படி மாற்றினீர்கள், சாவி யாரிடம் இருக்கிறது? மாடலில் பொய்ப் பதிவு வைத்துப் பார்த்தீர்களா, எப்சிலான் எவ்வளவு, யார் தணிக்கை செய்தார்கள்? விடை தெரியவில்லை என்றால் அதையே செய்தியில் போடலாம்.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தொற்று வரும்போது சுகாதார அறிக்கை மறுபடி ஆள்வரியாக வந்தால், "இன்ன மாவட்டம், 62 வயது ஆண், சிறுநீரகக் கோளாறு, 11-ஆம் தேதி சேர்ப்பு, 14-ஆம் தேதி இறப்பு" என்று அச்சிட வேண்டாம். அந்த வாரத்து வரிகளை எல்லாம் சேர்த்து, "இன்ன மண்டலம், இந்த வாரம், 60–69 வயது, ஆண்கள் 31 பேர், அவர்களில் வேறு நீண்டகால நோய் இருந்தவர்கள் 20 பேர், சேர்ந்து ஐந்து நாளுக்குள் இறந்தவர்கள் 17 பேர்" என்று போடுங்கள். நோய் யாரை அதிகம் தாக்குகிறது, மருத்துவமனைக்கு எவ்வளவு தாமதமாக வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வாசகருக்கும் மருத்துவருக்கும் வேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது. கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தை எதிரே வைத்துப் பார்த்தாலும் எந்த வீட்டையும் இது காட்டிக்கொடுக்காது.

இப்படிக்கு,
தகவல் பாதுகாப்பு ஆய்வுத் துறை வாசகர்,
மதுரை